ரேடியோ சொல்லும் முகவரியை யார் சரிபார்ப்பது? ஒயிட் ஸ்பேஸ் பதிவேடு பற்றிய நிகழ்வு ஆய்வு

2015 மார்ச்சில் அமெரிக்காவின் தேசிய ஒளிபரப்பாளர் சங்கம் எஃப்சிசியிடம் ஓர் அவசர மனு கொடுத்தது. எஃப்சிசி என்பது அந்த நாட்டில் அலைக்கற்றையை ஒழுங்குபடுத்தும் ஆணையம். டிவி சேனல்களுக்கு நடுவே காலியாகக் கிடக்கும் அதிர்வெண்களைப் பயன்படுத்தும் நிலையான ரேடியோக்கள், ஒரு தரவுத்தளத்தில் தங்கள் விவரங்களைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. சங்கத்தார் அந்தப் பதிவேட்டை ஓராண்டு போலக் கவனித்துவந்தார்கள். நாடு முழுவதும் அப்போது பதிவாகியிருந்தவை சில நூறு சாதனங்கள்தான். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் தவறாகப் பதிவாகியிருக்கிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. உரிமையாளர் பெயர் கேட்ட இடத்தில் 'ஜான் டோ' என்று எழுதிய பதிவுகளும் இருந்தன. பெயர் தெரியாத ஆளுக்கு அமெரிக்காவில் வைக்கும் பெயர் அது.

தரவுத்தளத்தை யாரும் உடைத்து நுழையவில்லை. கடவுச்சொல் எதுவும் திருடு போகவில்லை. தவறான விவரங்கள் எல்லாம் முறையான வழியில், முறையான படிவத்தில்தான் உள்ளே போயிருந்தன. இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்ததற்கு அதுதான் காரணம். அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்ள வரும் ரேடியோவிடம் 'நீ யார்' என்று மட்டும் கேட்டால் போதாது. 'நீ எங்கே இருக்கிறாய்' என்பதற்கும் அதே அளவு ஆதாரம் கேட்க வேண்டும். இதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சம்பவம் எனக்குத் தெரிந்து இல்லை.

காலி சேனலைத் தருவது யார்

அமெரிக்காவில் ஒரு டிவி சேனலின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். எல்லா ஊரிலும் எல்லாச் சேனலும் ஒளிபரப்பில் இருக்காது. ஒரு நகரத்தில் ஓடும் சேனல் 200 கிலோமீட்டர் தள்ளிக் காலியாக இருக்கலாம். அந்தக் காலி இடத்துக்குத்தான் ஒயிட் ஸ்பேஸ் என்று பெயர். டிவி அலைகள் மரம், சுவர் எல்லாவற்றையும் தாண்டி வெகுதூரம் போகக்கூடியவை. அதனால் கேபிள் போய்ச் சேராத கிராமங்களுக்கு இணையம் கொடுக்க இந்த அலைக்கற்றை மிகவும் பொருத்தம் என்று பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் நியாயம் இருந்தது.

எஃப்சிசி 2008 நவம்பரில் இதற்கு அனுமதி கொடுத்தபோது ரேடியோ இரண்டு வேலை செய்ய வேண்டும் என்றது. ஒன்று, தன் காதாலேயே கேட்டு டிவி அலை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது. இன்னொன்று, தரவுத்தளத்தைக் கேட்பது. முதல் வேலை லேசானதல்ல. −114 டிபிஎம் (டிபிஎம் என்பது சிக்னலின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவுக்கு மெலிந்த சிக்னலையும் அது பிடிக்க வேண்டும். அது ஏறத்தாழ 4 ஃபெம்டோவாட். ஒரு ஃபெம்டோவாட் என்பது ஒரு வாட்டை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. 2010 செப்டம்பரில் எஃப்சிசி இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. தன் இடத்தைச் சொல்லித் தரவுத்தளத்திடம் அனுமதி வாங்கும் சாதனத்துக்குக் கேட்டறியும் வேலை தேவையில்லை என்றது. முதல் சாதனத்துக்கு 2011 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது.

இப்படித் தரவுத்தளத்தை நம்பியதற்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. காதால் கேட்டு முடிவெடுக்கும் ரேடியோவை ஏமாற்றுவது சுலபம். டிவி நிலையம் போலவே தோன்றும் ஒரு சிக்னலை யாராவது பரப்பினால், சுற்றியிருக்கும் நல்ல ரேடியோக்கள் எல்லாம் 'உரிமையாளர் வந்துவிட்டார்' என்று எண்ணி ஒதுங்கிவிடும். ஏமாற்றியவர் அந்தச் சேனலைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ருய்லியாங் சென், ஜுங்-மின் பார்க், ஜெஃப்ரி ரீட் மூவரும் 2008இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இந்தத் தாக்குதலை விரிவாக அலசியது. அவர்கள் சொன்ன தற்காப்பு கவனிக்கத்தக்கது. டிவி கோபுரங்கள் நிற்கும் இடம் ஊருக்கே தெரியும், அவை நகர்வதில்லை. ஆகவே சந்தேகத்துக்குரிய சிக்னல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பல உணரிகளைக் கொண்டு கணித்து, அந்த இடத்தில் கோபுரம் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார்கள். அடையாளத்தைச் சரிபார்க்கப் போனவர்கள் கடைசியில் இடத்தைச் சரிபார்ப்பதில்தான் வந்து நின்றார்கள். 2015இன் மனுவைப் படிக்கும்போது எனக்கு இது மறுபடி மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

சரிபார்க்கக் கையில் என்ன இருந்தது

நிலையான சாதனம் ஒன்றைப் பதியும்போது கேட்கப்பட்டவை: எஃப்சிசி அடையாள எண், தயாரிப்பாளர் கொடுத்த தொடர் எண், ஆன்டெனா நிற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், அப்புறம் உரிமையாளர் பெயர், தொடர்புக்குரியவரின் பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண். பார்த்தால் நிறைய இருப்பது போலத்தான் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

எஃப்சிசி அடையாள எண்ணைத் தரவுத்தளம் நிச்சயம் சரிபார்க்கும். ஆணையம் ஒப்புதல் கொடுத்த சாதனங்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இல்லாத எண்ணாக இருந்தால் அனுமதி மறுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த எண் குறிப்பது மாடலைத்தான். ஒரே மாடலில் ஆயிரம் ரேடியோக்கள் விற்றால் ஆயிரத்துக்கும் ஒரே எண். வண்டி எந்த கம்பெனி, எந்த மாடல் என்று சொல்வதற்கும் வண்டியின் பதிவு எண்ணைச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இது. போதாததற்கு, அந்த எண் ரகசியமும் கிடையாது. சாதனத்தின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அச்சிட்டிருக்கும். ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம்.

தொடர் எண் தனி ஒரு சாதனத்தைக் குறிக்கிறது, சரி. அதுவும் அதே சீட்டில்தான் அச்சாகியிருக்கும். எழுத்து வடிவில் இருக்கும் வெறும் சரம் அது. அதைப் பார்த்தவர் யாரும் அதைச் சொல்லலாம். அந்தச் சாதனத்துக்குள் மட்டும் இருக்கும் ஒரு ரகசியத்தைக் கொண்டு கணக்குப் போட்டு, 'இந்தத் தொடர் எண் என்னுடையதுதான்' என்று நிரூபிக்கச் சொல்லும் கட்டாயம் அந்தப் பதிவில் இல்லை.

ரேடியோவும் தரவுத்தளமும் பேசிக்கொள்ளும் முறைக்கான பொதுத் தரம் 2015 மே மாதம் வெளியானது. ஆர்எஃப்சி 7545 என்று அதற்கு எண். செய்திகள் டிஎல்எஸ் பாதுகாப்பில், அதாவது இணையத்தில் நடுவில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டி அனுப்பும் முறையில் போகும். தரவுத்தளம் தன் சான்றிதழைக் காட்டி, தான் உண்மையான தரவுத்தளம்தான் என்று ரேடியோவுக்கு நிரூபிக்கும். ரேடியோ தன்னை நிரூபிப்பதோ அந்தந்த நாட்டு விதிக்கும் தரவுத்தளத்தின் விருப்பத்துக்கும் விட்ட விஷயம். இந்தத் தரத்துக்கு முன்னோடியாக 2013இல் வந்த ஆவணமான ஆர்எஃப்சி 6953, ஆபத்துகளைப் பட்டியலிடும்போது முதலாவதாகச் சொன்னதே இதைத்தான்: பயனர் தன் சாதனத்தை மாற்றி அமைத்து, ஒப்புதல் பெற்ற வேறொரு சாதனம் போலக் காட்டிக்கொள்வது. ஆக ஆபத்து எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதைத் தடுக்கும் பூட்டு மட்டும் கட்டாயமாக்கப்படவில்லை.

பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டத்தில் ஏதாவது இருந்தால் போதும் என்று மென்பொருள் ஏற்றுக்கொண்டால் ஜான் டோ வந்துதான் தீருவார்.

இந்த விவரங்களைக் கேட்டது சம்பிரதாயத்துக்காக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டிஜிட்டல் டிவியில் குறுக்கீடு வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். பழைய அனலாக் டிவி போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்து காரணத்தைக் காட்டிக்கொடுக்காது. வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரிவது டிவி வேலை செய்யவில்லை என்பது மட்டும்தான். அவர் நிலையத்துக்குப் புகார் செய்வார்; நிலையத்தின் பொறியாளர் பதிவேட்டைத் திறந்து, அந்த வட்டாரத்தில் அந்தச் சேனலில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் போன் செய்வார். பதிவேடு இருப்பதன் பயனே அந்த ஒரு போன் அழைப்புதான். இடமும் பொய், பெயரும் பொய் என்றால் அந்த அழைப்பு யாருக்கும் போய்ச் சேராது.

கையால் தட்டிய எண்கள்

பொய் இடம் எப்படி உள்ளே போனது? நிலையான சாதனத்தின் இடத்தை முடிவு செய்ய விதி இரண்டு வழி கொடுத்திருந்தது. சாதனத்துக்குள் ஜிபிஎஸ் போன்ற வசதி இருந்தால் அதுவே சொல்லலாம். இல்லாவிட்டால் தொழில்முறை நிறுவுநர் ஒருவர் இடத்தைக் கண்டறிந்து கையால் உள்ளிடலாம். செலவைக் குறைக்க இரண்டாவது வழி வசதியாக இருந்தது. எல்லா ஓட்டையும் அதில்தான்.

விதி கேட்ட துல்லியம் 50 மீட்டர். டிகிரியின் தசம எண்ணில் நான்காவது இடத்தில் ஓர் இலக்கம் மாறினால் அட்சரேகையில் 11 மீட்டர் நகரும். மூன்றாவது இடத்தில் மாறினால் 111 மீட்டர். அதாவது மூன்றாவது இலக்கத்தில் கை ஒருமுறை வழுக்கினாலே விதி மீறப்பட்டுவிடும். இதைவிட மோசமான தவறு டிகிரி-நிமிடக் கணக்கில் வரும். 41 டிகிரி 52 நிமிடம் என்று வரைபடத்தில் இருப்பதைத் தசமத்தில் 41.8667 என்று எழுத வேண்டும். அவசரத்தில் 41.52 என்று தட்டினால் ஆன்டெனா ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். தீர்க்கரேகையில் கழித்தல் குறி விட்டுப்போனால் சிகாகோவில் இருக்கும் ரேடியோ சீனாவின் சிஞ்சியாங்கில் போய் நிற்கும். ஆனால் அதை மென்பொருள் எளிதாகப் பிடித்துவிடலாம், நாட்டு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று. 38 கிலோமீட்டர் தவறு அப்படிச் சிக்காது. அங்கேயும் ஊர் இருக்கும், வயல் இருக்கும், சேனல் பட்டியலும் இருக்கும். என்ன, அது வேறு ஊருக்குரிய பட்டியல். நிஜமாக ரேடியோ நிற்கும் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் சேனல் அந்தப் பட்டியலில் 'காலி' என்று வரலாம். நிலையான சாதனத்துக்கு அப்போது 4 வாட் வரை கதிர்வீச்சு ஆற்றல் அனுமதி இருந்தது. பக்கத்து வீடுகளின் டிவியைக் கெடுக்க அது தாராளம்.

இது கவனக்குறைவால் வரும் பொய். தெரிந்தே சொல்லும் பொய்க்கும் அதே கதவு திறந்திருக்கிறது. நகரத்துக்குள் ஒயிட் ஸ்பேஸ் மிகக் குறைவு. வெளியே போகப் போக நிறைய. நகரத்தில் நிற்கும் ரேடியோவைத் தள்ளியிருக்கும் ஒரு வயல்வெளியின் முகவரியில் பதிந்தால் கைநிறையச் சேனல் கிடைக்கும். தரவுத்தளம் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் கொடுக்கும். கேள்வியே பொய் என்பது அதற்குத் தெரியாது.

மனு வந்ததும் ஒயிட் ஸ்பேஸை ஆதரிக்கும் எதிர்த் தரப்பிலிருந்து விளக்கம் வந்தது. தவறாக இருப்பவற்றில் பல சோதனைக்காகப் போட்ட பதிவுகள், அவை அலை பரப்பும் சாதனங்களே இல்லை என்றார்கள். அது உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்றுதான் நானும் நினைக்கிறேன். புதிய முறை ஒன்றைக் கட்டும் பொறியாளர்கள் சோதனைப் பதிவு போடாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த விளக்கம் பிரச்சினையைக் கரைக்கவில்லை, இன்னும் கெட்டியாக்கியது. சோதனைப் பதிவும் நிஜப் பதிவும் ஒரே பதிவேட்டில் ஒரே தோற்றத்தில் இருக்கின்றன; இரண்டையும் பிரித்தறியத் தரவுத்தளத்தாலேயே முடியவில்லை என்று அதற்குப் பொருள். பிரித்தறிய முடியாத இடத்தில் எதை நம்பி டிவி நிலையத்தின் சேனலைப் பாதுகாப்பது? இந்த விஷயத்தில் ஒளிபரப்பாளர்களுக்கு ஒயிட் ஸ்பேஸ் பிடிக்கவில்லை, அதனால்தான் கிளப்பினார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. நோக்கம் எதுவாக இருந்தாலும் அவர்கள் சுட்டிக்காட்டிய குறை குறைதான்.

பழைய விதிகள் முழுக்கவே மெத்தனமானவை என்று எண்ணிவிடக் கூடாது. தன் இடத்தைத் தானே அறிய முடியாத எடுத்துச்செல்லும் சாதனங்களுக்கு மிக நல்ல ஏற்பாடு ஒன்று இருந்தது. அவை தரவுத்தளத்தை நேரடியாகக் கேட்க முடியாது. இடம் அறிந்த வேறொரு சாதனத்திடமிருந்துதான் சேனல் பட்டியலைப் பெற வேண்டும். பட்டியலைக் கொடுத்த சாதனத்திடமிருந்து 60 விநாடிக்கு ஒருமுறையாவது ஒரு சரிபார்ப்பு சிக்னல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த சிக்னல் குறியாக்கம் செய்யப்பட்டு, பட்டியல் பெற்ற சாதனம் மட்டுமே புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். நின்றால் பரப்புவதும் நிற்க வேண்டும். ரேடியோ எல்லைக்குள் இருந்தால்தான் அந்த சிக்னல் கேட்கும் என்பதால், சின்ன சாதனம் எங்கே இருக்கிறது என்பதற்கு இயற்பியலே ஓரளவு சாட்சி சொல்லிவிடுகிறது. எடுத்துச்செல்லும் சாதனத்துக்கு உச்சவரம்பு 100 மில்லிவாட். 4 வாட் பரப்பும் பெரிய சாதனத்துக்கோ கையால் தட்டிய இரண்டு எண்கள் போதும் என்று விட்டிருந்தார்கள். ஆபத்து அதிகமான இடத்தில் காவல் குறைவாக இருந்தது என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்கு ஆறாத விஷயம்.

இதில் பலரும் கவனிக்காத மறுபக்கம் ஒன்று இருக்கிறது. தரவுத்தளத்தில் பதிவது ஒயிட் ஸ்பேஸ் ரேடியோக்கள் மட்டும் இல்லை. நாடகம், விளையாட்டுப் போட்டி, செய்தி சேகரிப்புக்கு வயர்லெஸ் மைக் பயன்படுத்தும் உரிமதாரர்களும் தங்கள் நிகழ்ச்சி நடக்கும் இடத்தையும் நேரத்தையும் பதிவார்கள். அப்படிப் பதிந்தால் ஆரம்ப விதிப்படி நிலையான சாதனங்கள் 1 கிலோமீட்டரும், எடுத்துச்செல்பவை 400 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். நடக்காத நிகழ்ச்சிக்கு யாராவது மைக் பதிவு போட்டால்? அந்த வட்டத்துக்குள் இருக்கும் கிராமத்து இணையம் காரணமே இல்லாமல் நின்றுபோகும். பாதுகாப்பு கேட்டு வருபவரின் அடையாளத்தையும் அதே கண்டிப்போடு சரிபார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தீர்வு மெதுவாகத்தான் வந்தது. 2016 பிப்ரவரியில் எஃப்சிசி புதிய விதிக்கான முன்மொழிவை வெளியிட்டது. 2019 மார்ச்சில் ஆணை பிறந்தது: ஒவ்வொரு நிலையான சாதனத்திலும் இடத்தைத் தானாக அறியும் வசதி இருக்க வேண்டும், நிறுவுநர் கையால் உள்ளிடும் வழி ஒழிந்தது. கட்டடத்துக்குள் ஆழமாக வைக்கும் சாதனங்களுக்கு ஜிபிஎஸ் கிடைக்காது என்பதால் வெளியே இருக்கும் ஓர் இடமறிகருவியோடு இணைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். மனுவிலிருந்து ஆணைக்கு நான்கு வருடம்.

3.5 கிகாஹெர்ட்ஸில் கட்டிய வேறு வீடு

மனு வந்த அடுத்த மாதமே, 2015 ஏப்ரலில், அதே ஆணையம் வேறொரு பகிர்வு முறைக்கு விதி வகுத்தது. 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 150 மெகாஹெர்ட்ஸ் அது. சிபிஆர்எஸ் என்று பெயர். இங்கே பாதுகாக்கப்பட வேண்டியவர்களில் முதன்மையானது அமெரிக்கக் கடற்படை. அதன் கப்பல்களின் ராடார்கள் இந்தப் பட்டையில் வேலை செய்கின்றன. கப்பல் எங்கே இருக்கிறது என்பதைத் தரவுத்தளத்தில் எழுதி வைக்க முடியாது என்பதால் கரையோரம் உணரிகளை நிறுத்தினார்கள். உணரி ராடாரைக் கண்டுவிட்டுச் சொன்னதும், எஸ்ஏஎஸ் எனப்படும் மைய அமைப்பு 300 விநாடிக்குள் அந்தப் பகுதியின் சாதனங்களை நிறுத்தியோ வேறு அதிர்வெண்ணுக்கு நகர்த்தியோ ஆக வேண்டும்.

ஒளிபரப்பாளர்கள் காட்டிய ஓட்டையை அடைக்க இங்கே உள்ள ஏற்பாடு எப்படி என்று பார்ப்பது பயனுள்ளது. முதலில், டிஎல்எஸ் இருபக்கமும். எஸ்ஏஎஸ் தன் சான்றிதழைக் காட்டும். ரேடியோவும் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். ரேடியோவுக்குள் தனித் திறவுகோல் ஒன்று, அதாவது அதற்கு மட்டுமே உரிய ரகசிய எண் ஒன்று இருக்கும். அதை வெளியே சொல்லாமலேயே தன்னிடம் இருப்பதை நிரூபிக்கும். சீட்டில் அச்சிட்ட எண்ணை நகலெடுத்தவருக்கு இந்த வாசல் திறக்காது.

ஆனால் சான்றிதழ் சொல்வது 'இது இன்ன ரேடியோ' என்பதை மட்டும். அது எந்தக் கூரையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இங்கேதான் சிபிஆர்எஸ் ஒரு நல்ல காரியம் செய்தது. அதிக ஆற்றல் கொண்ட பி வகைச் சாதனங்கள் 10 மெகாஹெர்ட்ஸுக்கு 47 டிபிஎம், அதாவது ஏறத்தாழ 50 வாட் வரை பரப்பலாம். அவற்றைப் பயிற்சியும் தேர்வும் முடித்த தொழில்முறை நிறுவுநர்தான் பதிய வேண்டும். இடத்தைத் தானே அறிய முடியாத சிறிய சாதனங்களுக்கும் அதே விதி. துல்லியம் பக்கவாட்டில் 50 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர்.

நிறுவுநரைக் கொண்டுவந்தால் பழைய கதைதானே என்று கேட்கலாம். வித்தியாசம் இதுதான்: நிறுவுநருக்கும் ஒரு திறவுகோல் உண்டு. எஃப்சிசி எண், சாதனத்தின் தொடர் எண், ஆன்டெனாவின் இடம், உயரம், அது பார்க்கும் திசை, கூடவே தன் பெயர், தன் அடையாள எண், எப்போது சரிபார்த்தேன் என்ற நேரம், எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி அதன்மேல் அவர் டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும். அந்தக் கட்டு அப்படியே எஸ்ஏஎஸுக்குப் போகும். நடுவில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. ஒரு சாதனத்துக்குப் போட்ட கையொப்பத்தைத் தொடர் எண் வேறான இன்னொன்றுக்கு ஒட்டவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடம் பொய் என்று பின்னால் தெரியவந்தால் ஜான் டோவைத் தேட வேண்டியதில்லை. பொறுப்பானவர் பெயர் கையொப்பத்திலேயே இருக்கும். பொய்யை இது தடுக்கவில்லை. பொய்க்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்குகிறது. அதுவே பெரிய முன்னேற்றம் என்பது என் கருத்து.

அதற்குப் பிறகும் சாதனத்தைச் சும்மா விடுவதில்லை. அனுமதி கிடைத்த ரேடியோ குறிப்பிட்ட இடைவெளியில் 'இதயத்துடிப்பு' செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிலிலும் எந்த நேரம் வரை பரப்பலாம் என்று இருக்கும். பதில் வராமல் அந்த நேரம் கடந்துவிட்டால் 60 விநாடிக்குள் அலை நிற்க வேண்டும். பதிலில் 501 என்ற எண் வந்தால் அனுமதி தற்காலிகமாக நிறுத்தம். 500 வந்தால் அனுமதியே ரத்து. ஒயிட் ஸ்பேஸில் நிலையான சாதனம் நாளுக்கு ஒருமுறை தரவுத்தளத்தைக் கேட்டால் போதும்; தொடர்பு அறுந்தால் மறுநாள் இரவு 11:59 வரை பழைய பட்டியலோடு ஓட்டலாம் என்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று புரியும்.

குறை இல்லாமல் இல்லை. நூற்றுக்கணக்கான ரேடியோ வைத்திருக்கும் நிறுவனங்கள் 'டொமைன் ப்ராக்ஸி' என்ற இடையமைப்பை வைத்துக்கொள்ளலாம். ரேடியோக்கள் அதனிடம் பேசும். அது எல்லாருக்கும் சேர்த்து எஸ்ஏஎஸிடம் பேசும். அப்போது எஸ்ஏஎஸ் பார்ப்பது இடையமைப்பின் சான்றிதழைத்தான். தனித்தனி ரேடியோவின் திறவுகோலைச் சரிபார்க்கும் வேலை இடையமைப்பிடம் போய்விடுகிறது. ஒழுங்காக நடத்துபவர் கையில் இருந்தால் பிரச்சினை இல்லை. அந்த ஒரு இயந்திரம் கெட்டவர் கைக்குப் போனால் அதன் பின்னால் இருக்கும் அத்தனை ரேடியோவின் பேச்சும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். இன்னொன்று, கரையோர உணரி காதால் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது. ராடார் போல நடிக்கும் சிக்னல் ஒன்றை அதன் அருகில் பரப்பினால் ஒரு பகுதி முழுவதும் காலியாகக்கூடும். 2008இல் அந்த மூவரும் எழுதிய தாக்குதல் இப்படி வேறு வேடத்தில் உயிரோடுதான் இருக்கிறது.

இடத்தை நிரூபிப்பது

சரி, நிறுவுநரும் வேண்டாம், ஜிபிஎஸ் சில்லையே வைத்துவிட்டால்? கைப்பிழை ஒழியும், அது நிச்சயம். வேண்டுமென்றே ஏமாற்றுபவருக்கு வழி இன்னும் இருக்கிறது. எல்லாரும் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சிக்னலில் கையொப்பம் எதுவும் கிடையாது. மலிவான மென்பொருள் ரேடியோவைக் கொண்டு வேறொரு இடத்துக்குரிய ஜிபிஎஸ் சிக்னலை உருவாக்கிச் சில்லுக்கு ஊட்டிவிடலாம். ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் தங்கள் செய்திக்குக் கையொப்பம் சேர்க்கும் வசதியைக் கொண்டுவந்திருக்கின்றன. அது பெரிய உதவி. என்றாலும் உண்மையான சிக்னலை ஓரிடத்தில் பிடித்துச் சற்றுத் தாமதித்து இன்னோரிடத்தில் மறுபடி ஒலிக்கச் செய்வதை அந்தக் கையொப்பம் மட்டும் தடுத்துவிடாது.

ரேடியோவின் இடத்தை வெளியிலிருந்து அளக்கவும் முடியும். ஒளி ஒரு நானோவிநாடியில் 30 சென்டிமீட்டர் போகும். 50 மீட்டர் தொலைவு போய்வர ஏறத்தாழ 333 நானோவிநாடி. நம்பகமான பக்கத்து நிலையம் ஒன்று ரேடியோவிடம் ரகசியத் திறவுகோல் சார்ந்த ஒரு கேள்வியை அனுப்பி, பதில் வரும் நேரத்தை அளந்தால், அந்த நேரத்தில் ஒளி போய்வரக்கூடிய தொலைவுக்கு அப்பால் ரேடியோ இருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம். ஒளியைவிட வேகமாகப் பதில் சொல்ல யாராலும் ஆகாது. இதை இணையம் வழியாகச் செய்ய முடியாது. இணையத்தில் ஒரு மில்லிவிநாடி தாமதம் சர்வ சாதாரணம், அந்த ஒரு மில்லிவிநாடியில் ஒளி 300 கிலோமீட்டர் போய்விடும். அளப்பது வான்வழியேதான் நடக்க வேண்டும். அதற்கு அருகில் நம்பகமான நிலையங்கள் தேவை. தனியாக ஒரு மலைமேல் நிற்கும் ரேடியோவுக்கு இந்த வழி உதவாது.

சாதனத்தின் மின்சுற்றில் உள்ள நுண்ணிய பிசிறுகளை அலையிலேயே படித்து, இது இன்ன ரேடியோ என்று கைரேகை போலக் கண்டுபிடிக்கும் ஆய்வுகளும் நிறைய நடந்திருக்கின்றன. ஆய்வகத்தில் அழகாக வேலை செய்யும். வெயிலில் சூடேறி, நாள்பட்டு, வேறு கருவியால் கேட்கும்போது அந்தப் பிசிறே மாறிவிடுகிறது. துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். அதை நம்பி மட்டும் அனுமதி கொடுக்க நான் துணிய மாட்டேன்.

2020 ஏப்ரலில் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையை வைஃபைக்குத் திறந்தபோது, ஒயிட் ஸ்பேஸில் பட்ட அனுபவம் விதியிலேயே தெரிந்தது. அங்கே 36 டிபிஎம், அதாவது 4 வாட் வரை பரப்பும் சாதனங்கள் ஏஎஃப்சி என்ற அமைப்பிடம் அனுமதி கேட்க வேண்டும். அந்தப் பட்டையில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணலை இணைப்புகளைக் காப்பது ஏஎஃப்சியின் வேலை. அட்சரேகை, தீர்க்கரேகையைச் சாதனம் தானாகவே அறிய வேண்டும், அல்லது பாதுகாப்பாக இணைத்த வெளிக் கருவியிடமிருந்து தானாகவே பெற வேண்டும். அதோடு, தான் சொல்லும் இடத்தில் எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதையும் 95 சதவீத நம்பகத்தோடு சொல்ல வேண்டும். சந்தேகம் பெரிதாக இருந்தால் ஏஎஃப்சி அந்தச் சந்தேக வட்டம் முழுவதையும் கணக்கில் எடுத்து, அதற்கேற்ப சேனல்களையும் ஆற்றலையும் குறைத்துக் கொடுக்கும். 'எனக்குச் சரியாகத் தெரியவில்லை' என்று நேர்மையாகச் சொல்ல ரேடியோவுக்கு ஒரு வழி கிடைத்தது இங்கேதான். ஏழு ஏஎஃப்சி அமைப்புகளுக்கு 2024 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது.

அந்தச் சந்தேக அளவை வேண்டுமென்றே சிறிதாகச் சொன்னால் சேனல் அதிகம் கிடைக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். அதனால்தான் ஒப்புதலுக்கு வரும் தயாரிப்பாளர், தன் சாதனம் இடத்தை எப்படிக் கணிக்கிறது, எவ்வளவு துல்லியம் என்பதை முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒப்புதலுக்குப் பின் ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள், மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை அனுமதி கேட்கும்போதும், இடத்தைக் கணிக்கும் அந்த மென்பொருள் ஒப்புதல் பெற்ற அதே வடிவில்தான் இருக்கிறது என்பதற்கு ரேடியோவுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சில்லு கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும் என்பது நான் கேட்கும் அடுத்த விதி. அதற்கான சில்லுகள் ஏற்கெனவே கணினிகளிலும் கைபேசிகளிலும் இருக்கின்றன.